ஜெனிட்டாவின் முப்பது கிலோ

1

நேற்று சித்தி போன் செய்தார். அம்மாவின் தங்கை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். நலம் விசாரிப்பெல்லாம் ஒரே மூச்சில் முடிந்தது. அடுத்த மூச்சில் குரல் தாழ்ந்தது.

"ஏம்ப்பா கவிதா, சரவணன் அங்க ஏதோ போதை மருந்து கேஸ்ல மாட்டித்தான் திருப்பி அனுப்பிட்டாங்களாமே? நான் நம்பல. ஆனா ஊரே பேசுது."

"ஊர்னா யாரு சித்தி?"

"எல்லாருந்தான்."

"பேர் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா நான் போன் பண்ணிப் பேசிக்கிறேன்."

"உங்கிட்ட கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று வைத்துவிட்டார்.

சரவணன் என் தம்பி. ஷார்ஜாவில் ஒரு நிறுவனத்தில் ஏ.சி. குழாய்களுக்கு வரைபடம் போடும் வேலை கிடைத்து, விசாவும் வந்து, விமானம் ஏறி இங்கே வந்தான். அந்த அலுவலகத்தின் நாற்காலியில் ஒரு நாள்கூட உட்காரவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டான். நேற்று வரை வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்கிறார் அம்மா. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டில், "கொஞ்ச நாள் போகட்டும்" என்கிறார்களாம். கொஞ்ச நாள் போனால் என்ன தெரிந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபத்தில் வரிசை தப்பிவிடும், அதனால் எண் போட்டுக்கொள்கிறேன். யார் மேல் கோபம் என்பது எண்களுக்கு நடுவே மாறிக்கொண்டே போகும். அதற்கு நான் பொறுப்பு.

2

முதலில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வளைகுடாவிலிருந்து ஒருவர் லீவில் ஊருக்குப் போகிறார் என்றால், அவர் பெட்டியை எடுத்துத் தூசி தட்டுவதற்கு முன்பே செய்தி பரவிவிடும். டிக்கெட்டோடு முப்பது கிலோ எடைக்கு அனுமதி உண்டு. அந்த முப்பது கிலோ தன்னுடையது என்று அவர் ஒருவர்தான் நினைத்துக்கொண்டிருப்பார். போகும்போது பேரீச்சை, பால் பவுடர், தைலம், சென்ட் பாட்டில். வரும்போது இட்லிப் பொடி, வற்றல், நாட்டு மருந்து, பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை. "சின்னப் பார்சல்தான்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். பெரிய பார்சல் என்று யாரும் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை. தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தாலும் அது சின்னப் பார்சல்தான்.

யாரும் நேராக மறுப்பதில்லை. "எடை பார்த்துச் சொல்றேன்" என்பார்கள். தவறி யாராவது வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும் அதை நாங்கள் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. விருந்துக்கு வந்தவர் வேண்டாம் என்று கையை மறித்தாலும் இலையில் இன்னொரு கரண்டி விழுந்துவிடுகிறதல்லவா, அந்தப் பழக்கம். எனக்கும் அது இருந்தது. ரொம்பவே இருந்தது.

நாங்கள் இருப்பது ஷார்ஜாவில் இரண்டு படுக்கையறை உள்ள ஃபிளாட். ஓர் அறையில் நான், கணவர் முரளி, நான்கு வயது மகள் நிலா. இன்னோர் அறையில் ஜெனிட்டா. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். சமையலறை இரு தரப்புக்கும் பொது. அதற்கு நேரம் பிரித்து வைத்திருக்கிறோம்.

அவரைப் பற்றி என் மனதில் ஒரு பட்டியல் இருந்தது. ஒன்று, உப்பு டப்பாவில் தன் பெயரை ஒட்டி வைத்திருக்கிறார். இரண்டு, தங்கையிடம் ஸ்பீக்கரில்தான் பேசுவார், ஃபிளாட் முழுக்கக் கேட்கும். மூன்று, நான் வைத்த பாயசத்தை ஒரு தடவை, "இனிப்பு எனக்குப் பிடிக்காது" என்று திருப்பிக் கொடுத்தார். நான்கு, சும்மா நின்று பேச மாட்டார். இந்த நான்கையும் கூட்டி, திமிர் என்று விடை எழுதி வைத்திருந்தேன்.

3

ஜெனிட்டா லீவில் கிளம்புவதற்கு முந்தைய வாரம் சமையலறையில் அவரிடம் கேட்டேன்.

"ஜெனிட்டாக்கா, நீங்க திரும்பி வர்றப்ப அம்மா ஒரு சின்னப் பார்சலை உங்க வீட்டுக்குக் கொரியர்ல அனுப்பி வைப்பாங்க. மசாலாப் பொடி, வடகம், அந்த மாதிரி. கொண்டு வந்துடுங்க."

அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "வேண்டாம் கவிதா. அனுப்பச் சொல்லாதீங்க."

"சின்னதுதான்க்கா."

"சின்னதோ பெருசோ, எனக்கு ஆகாது."

அறைக்குள் வந்து முரளியிடம் சொன்னேன். "அவ அப்படித்தான் சொல்லுவா. வீடு தேடிப் பார்சல் வந்துட்டா என்ன பண்ணுவா? தூக்கியா போடுவா?"

"வேண்டாம்னவங்களுக்கு எதுக்கு அனுப்பணும்?" என்றார் முரளி.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

அம்மாவிடம் அனுப்பச் சொன்னேன். அம்மா அனுப்பினார். ஜெனிட்டாவின் வீட்டில் அதை வாங்க மறுத்துவிட்டார்கள். போன பெட்டி அப்படியே திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்தது. பிரித்துப் பார்க்கவும் மனமில்லாமல் அம்மா அதைப் பீரோ மேல் வைத்தார். பெரியவள் கட்டி அனுப்பியதை முகத்தில் அடித்த மாதிரி திருப்பிவிட்டார்களே என்று அழுதிருக்கிறார்.

ஜெனிட்டா லீவு முடிந்து வந்த அன்று, லிஃப்டிலிருந்து பெட்டியை இரு கையாலும் இழுத்துக்கொண்டு வந்தார். நல்ல கனம். "நிலாவுக்குச் சளி மாறிச்சா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போனார். அந்தக் கேள்வியை என் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. பெட்டியின் கனத்தை மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடங்களிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குரூப் உண்டு. அன்றைக்கே அதில் எழுதினேன்: "சிலருக்கு முப்பது கிலோவும் தனக்கே வேணும். நம்ம ஊர் அம்மாக்களோட பாசம் அவங்க பெட்டிக்குக் கனமா இருக்கு போல." கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. யார் அப்போதுதான் லீவு முடிந்து வந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். பதில்கள் கொட்டின. "நோயாளிங்களப் பாக்குற வேலை செஞ்சும் மனசு இப்படியா?" "தனியா இருக்கிறவங்களுக்குக் குடும்பம்னா என்னன்னு தெரியாதுங்க." "திமிருங்க, வேற என்ன." ஒவ்வொன்றுக்கும் கைகூப்பினேன். மாலையில் ஜெனிட்டா குரூப்பிலிருந்து வெளியேறியதாக ஒரு வரி வந்தது. அதற்கும் யாரோ சிரித்து வைத்தார்கள்.

4

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். எனக்கே இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

ஷார்ஜா தொழில்பேட்டையில் கட்டடங்களுக்கு இரும்புச் சட்டங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் தரப் பரிசோதனைப் பொறியாளர். உள்ளே வரும் ஒவ்வொரு இரும்புத் தகடும், ஒவ்வொரு பெயின்ட் டிரம்மும் எங்கிருந்து வந்தது, எதனால் ஆனது என்ற சான்றிதழோடு வர வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வெளியே நிறுத்திவிடுவேன். ஃபோர்மேன் தினமும் ஒரு தடவையாவது வந்து நிற்பார். "மேடம், ஏக் பார். அச்சா மால் ஹை. யல்லா, சைன் கரோ." நல்ல சரக்குதான், இந்த ஒரு தடவை கையெழுத்துப் போடுங்கள் என்று கெஞ்சல். பேப்பர் மாஃபி என்றால் சைன் மாஃபி, சான்றிதழ் இல்லாவிட்டால் கையெழுத்தும் இல்லை என்பேன். தலையில் அடித்துக்கொண்டு போவார்.

பட்டறையில் இருக்கும் தமிழ் ஆட்கள் என் காதுபடவே பேசுவார்கள். "அந்தப் பொம்பளைக்குத் திமிருப்பா. ஒரு கையெழுத்துப் போட்டா விரல் தேஞ்சிடுமா?" எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. பெருமைகூட உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை நான் ஏன் என் பொறுப்பில் உள்ளே விட வேண்டும்?

இதைப் பகலெல்லாம் கேட்டுவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு பெட்டியைத் தன் பெயரில் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வரவில்லை என்று ஒரு பெண்ணை ஊரெல்லாம் சேர்ந்து திட்ட வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம்தான். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு நாளாவது எனக்கு உறைத்திருக்கலாம்.

5

பீரோ மேலிருந்த பெட்டி சரவணனோடு வந்தது.

அவன் கிளம்பும் சமயம் அம்மா அதைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் சேர்த்து, புதிதாகக் கட்டியிருக்கிறார். மசாலாப் பொடிகளுக்கு நடுவில், பேத்திக்குப் பாயசம், மகளுக்குக் குருமா என்று முதல் தடவையே ஆசையாக வைத்திருந்த ஒரு கவர் நிறையக் கசகசா. "இங்க எல்லாம் கிடைக்குதும்மா, கசகசா மட்டுந்தான் கிடைக்கல" என்று அம்மாவிடம் பலமுறை சொன்னவள் நான். முருங்கைக்கீரை முதல் மணத்தக்காளி வற்றல் வரை கிடைக்கும் ஊரில் இது ஒன்று மட்டும் ஏன் எந்தக் கடையிலும் இல்லை என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. பட்டறையாக இருந்தால் கேட்டிருப்பேன்.

கசகசா அபினிச் செடியின் விதை. நமக்கு அது அஞ்சறைப்பெட்டிச் சாமான். இந்த நாட்டில் அதை வைத்திருப்பதே போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது.

காலை விமானம். சரவணன் இறங்கிவிட்டதாகச் செய்தி அனுப்பினான். பெட்டிக்காக நிற்பதாக இன்னொன்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மதியத்துக்கு மேல் ஓர் இந்தி பேசும் குரல் என்னை அழைத்து, உங்கள் தம்பியின் பெட்டியில் தடை செய்யப்பட்ட பொருள் இருக்கிறது, நாளை இந்த இடத்துக்கு வாருங்கள் என்றது. என்ன பொருள் என்று கேட்டேன். "போஸ்த்" என்றார். அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்து, கசகசா என்று தெரிந்துகொண்டபோது பட்டறையில் ஒரு தகட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் நான் போனது முழுத் தயாரிப்போடு. நீளமான அங்கி, தலையில் துணி, கோப்பில் அவனுடைய படிப்புச் சான்றிதழ்கள், வேலைக் கடிதம். போதாததற்கு, குருமா செய்முறையை ஆங்கிலத்தில் அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். எதிரில் இருந்த அதிகாரி என் வயதுக்காரர். அரபு அதிகாரி என்றால் கத்துவார், நம்மை மனிதராக மதிக்க மாட்டார் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே போனேன். அவர் செய்முறையை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார்.

"சிஸ்டர், ஐ நோ. ஃபார் ஃபுட். பட் லேப் ரிப்போர்ட் மஸ்ட்."

பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "யுவர் பிரதர் சே, ஹி பேக் திஸ் பாக்ஸ். ஐ ஆஸ்க், வாட் இஸ் இன்சைட்? ஹி டோன்ட் நோ. ஐ ஆஸ்க், மதர் பேக்? ஹி சே நோ, மீ. ஹவ் ஹி பேக், சிஸ்டர், இஃப் ஹி டோன்ட் நோ?"

அவர் கேள்வியில் சிரிப்பு இருந்தது. உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாமல் அவனே எப்படிப் பெட்டியைக் கட்டினான் என்கிறார்.

சில நிமிடம் சரவணனைப் பார்க்க விட்டார்கள். சட்டை கசங்கியிருந்தது. "ஏண்டா, அம்மா கட்டினதுன்னு சொல்ல வேண்டியதுதானே? அவரே எடுத்துக் குடுக்கிறாரு" என்றேன்.

"அம்மா பேரப் போலீஸ் பேப்பர்ல எழுத விடச் சொல்றியா? வேற ஆளப் பாருக்கா."

"வேலை போயிடும்டா."

"வேலைதானே? அழாத. இங்க ஏ.சி. நல்லாத்தான் வேல செய்யுது, டிசைன் பண்ணவன் கெட்டிக்காரன்."

பஸ் டிக்கெட்டைக்கூடப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத பையன் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது இவனைத்தான்.

லேப் ரிப்போர்ட் வந்தது. சமையலுக்கானது என்று எழுதிக்கொண்டார்கள். வழக்கைத் தொடராமல் திருப்பி அனுப்ப முடிவானது. விசா ரத்து. வேலை கொடுத்த நிறுவனம் ஒரு வரியில் வாழ்த்துச் சொல்லி முடித்துக்கொண்டது. அவன் இந்த ஊரில் பார்த்தது விமான நிலையம், ஒரு நடைபாதை, ஒரு வேனின் ஜன்னல். என் வீட்டை அவன் பார்க்கவில்லை.

நிலா கேட்டாள்: "இஸ் மாமா அ பேட் கை?" நிலாவுக்குத் தமிழில் மாமா மட்டும்தான் இருக்கிறது, மீதிக் கேள்வி முழுக்க ஆங்கிலம். யார் சொன்னது என்றேன். கீழ்வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்களாம். அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவர்களுடைய அம்மாதான், என்னைப் பார்த்து, "கசகசா கொண்டு வரக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியுமே கவிதா, உனக்குத் தெரியாதா?" என்று கன்னத்தில் கை வைத்தவர். எல்லோருக்கும் தெரியும். என் அம்மாவின் பாசத்தைப் பற்றிக் குரூப்பில் நான் எழுதியபோது அத்தனை பேருக்கும் தெரியும். பார்சலில் என்ன இருந்தது என்று ஒருவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. திட்டுவதற்கு அது தேவைப்படவில்லை.

6

சரவணன் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. ஜெனிட்டாவுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. மருத்துவத் துறையில் இருப்பவர். தடை பற்றி அறிந்திருப்பார். ஒருவேளை முன்பு எப்போதோ யார் பார்சலாலோ அடிபட்டிருப்பார். நம்மைக் காயப்படுத்தாமல் காப்பாற்றத்தான் வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறார். நானாகவே இப்படி ஒரு கதையைக் கட்டி, அதற்குக் கண்ணீரும் விட்டேன்.

அவருடைய சமையல் நேரத்தில் போய் நின்றேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஜெனிட்டாக்கா, மன்னிச்சிடுங்க. உங்களப் பத்தித் தப்பா எழுதிட்டேன். நீங்க எங்களக் காப்பாத்தத்தான் பாத்திருக்கீங்க."

"யாரக் காப்பாத்த?"

"கசகசா இங்க தடைன்னு உங்களுக்குத் தெரியும்ல. அதனாலதானே பார்சல் வேண்டாம்னீங்க?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்க வீட்டில தேங்காதான் அரைப்போம். கசகசா நாங்க போடுறதே இல்ல. அது தடைன்னு உங்க தம்பி விஷயம் வந்த பொறவுதான் நானும் கேட்டேன்."

"அப்ப ஏன்க்கா வேண்டாம்னீங்க?"

"எனக்க பெட்டியாக்கும். எனக்க சாதனம் வெச்சேன். அதான்."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். "என்ன சாமான்க்கா?" என்று கேட்டேன்.

"அது உங்களுக்கு என்னத்துக்கு?"

நியாயமான கேள்வி. அவர் மறுபடி நெத்திலியை எடுத்தார். தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே பேசினார். குரல் உயரவில்லை.

"ஒரு வருசம் முழுக்க வேல செஞ்சு, ஒரு தடவ ஊருக்குப் போறேன். அந்தப் பெட்டில எனக்கு என்ன வேணும்னு நான் தீர்மானிக்கப்பிடாதா? அதுக்கும் ஒரு காரணம், உங்களுக்குப் பிடிச்ச காரணம், நான் சொல்லணுமா? இனி நான் சொல்லுறதக் கேளுங்க. உங்க பார்சல நான் எடுத்துட்டு வந்திருந்தா அங்க உள்ள இருந்தது நானாக்கும். அப்பம் குரூப்ல என்ன எழுதியிருப்பிய?"

நான் மேடையில் ஒட்டியிருந்த செதிலை விரலால் துடைத்தேன்.

"சொல்லுங்க. மருந்தும் ஊசியும் கைல பொழங்குறவ, அவதான் என்னமோ கடத்தினான்னு எழுதியிருப்பிய. உங்க அம்மைக்க கசகசான்னு ஒரு ஆளு வந்து சொல்லியிருப்பியளா?"

சொல்லியிருப்பேன் என்று வாய் வரை வந்தது. நிச்சயமாகத் தெரியாத ஒன்றுக்கு என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை.

"உங்க தம்பி நல்ல பையன். அவனுக்காக நான் ஜெபம் பண்ணினேன். அது வேற" என்றார் ஜெனிட்டா. "எனக்குச் சோறு ஆகல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

7

குரூப்பில் உண்மையை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எனக்கு முன்பே அங்கே வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது.

"ஜெனிட்டா சிஸ்டர் அப்பவே கண்டுபிடிச்சிருக்காங்க பாருங்க." "தெய்வம் மாதிரி வந்து எச்சரிச்சிருக்காங்க, நமக்குத்தான் புரியல." "அவங்களத் திருப்பி குரூப்ல சேருங்க, பொங்கல் விழாவுல பொன்னாடை போத்தணும்." சொல்கிறவர்கள் எல்லாம் அதே ஆட்கள். குடும்பம் என்றால் என்னவென்று தெரியாதவர் என்று எழுதிய அதே பெண் இப்போது தெய்வம் என்று எழுதியிருந்தார். நடுவில் ஒரு வருத்தமும் இல்லை, ஒரு தொண்டைச் செருமல்கூட இல்லை. பொன்னாடைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் சித்தியின் மேல் வந்ததைவிடப் பெரிது. அவர்களோடு சேர்த்து என் மேலும்தான். சமையலறைக்குப் போவதற்கு முன் நானும் அந்தப் பொன்னாடையைத்தான் கையில் வைத்திருந்தேன். திமிர்பிடித்தவள் என்றபோதும் அவரைப் பார்க்கவில்லை. தெய்வம் என்றபோதும் பார்க்கவில்லை. உப்பு டப்பாவில் பெயர் ஒட்டிக்கொண்டு, ஸ்பீக்கரில் கத்திக்கொண்டு, இனிப்புப் பிடிக்காமல் ஒரு மனுஷி பக்கத்து அறையில் இருக்கிறார். நல்லவராக இருக்க வேண்டிய கடமை அவருக்கு ஏதும் இல்லை. அவர் மறுத்தது தவறாகத் தெரிந்தபோது கெட்டவர் என்றோம். அதே மறுப்பு சரியாக அமைந்துவிட்டதும் நல்லவர் என்கிறோம். அவர் சொன்னது இரண்டு தடவையும் ஒன்றுதான்.

எழுதினேன்: "ஜெனிட்டாக்காவுக்குக் கசகசா பத்தி எதுவும் தெரியாது. பார்சல் வேண்டாம்னு சொன்னாங்க, அது அவங்க விருப்பம். அதக் காதுல வாங்காம அனுப்ப வெச்சது நான். அவங்களப் பத்தி இங்க தப்பா எழுதினதும் நான். பொன்னாடை வேண்டாம். அவங்களத் திருப்பிச் சேர்க்கவும் வேண்டாம்."

அடுத்து வந்த செய்தி பக்கத்துக் கட்டடத்து அண்ணன் ஒருவருடையது. "வெள்ளிக்கிழமை யாராவது மதுரை போறீங்களா? சின்னப் பார்சல்தான்."

8

சித்தி போனை வைத்த பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். சரவணனும் பக்கத்தில் இருந்தான். இதை எழுதப் போகிறேன், உன் பேரைப் போடலாமா என்று கேட்டேன்.

"போடு. போடாம எழுதினா இன்னும் நாலு கத கட்டுவாங்க" என்றான். பிறகு, "கத்திரிக்கா வாங்கணும்னியேம்மா, காசு குடு" என்று எழுந்து போனான். வாசல் கேட் திறக்கும் சத்தம் போனில் கேட்டது. வந்த நாளிலிருந்து அவன் கேட்டைத் தாண்டுவது இதுதான் முதல் தடவை என்று அம்மா அப்புறம் சொன்னார்.

அவன் போனதும் அம்மாவின் குரல் உடைந்தது. "எனக்கு ஒண்ணுதாம்ப்பா ஆறவே மாட்டேங்குது. கூடவே இருக்கிறா அந்தப் பொண்ணு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்புள்ள இப்படி வந்து உக்காந்திருப்பானா?"

"சொன்னாங்கம்மா. வேண்டாம்னு சொன்னாங்க. நான்தான் உன்ன அனுப்பச் சொன்னேன்."

"வேண்டாம்னா? ஏன்னு சொல்ல வேணாமா?"

"நானும் கேட்டேன். அது உங்களுக்கு என்னத்துக்குன்னாங்க."

ஊரில் எங்கள் தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போவது போனில் கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது. அம்மா இப்போது ஜெனிட்டாவைத் திட்டினால் நான் அம்மாவிடமும் சண்டை போட வேண்டியிருக்கும்.

"அப்படியா சொன்னா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா."

"போன வாரம் உன் சித்தி வந்து, பையன் ஏன் திரும்பிட்டான், ஏன் திரும்பிட்டான்னு என்னத் தொளச்சு எடுத்தா. நானும் கூறுகெட்டவ மாதிரி ஆதியிலேருந்து ஒப்பிச்சு அழுதேன். அதத்தான் கொண்டுபோய்க் கடத்தல்னு தெருவுல வித்திருக்கா." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நாளைக்கும் வருவா. வரட்டும்."

"என்னம்மா சொல்லுவ?"

"உனக்கு என்னத்துக்குன்னு கேக்கறேன்."